வெட்டிய ஒன்பது வரிகள்

ஞாயிறு, மதியம்

என் அக்காவுக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்க எனக்கு யோக்கியதை இல்லை. உன் வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்து, உள்ளே கம்பி வைத்துக் கட்டுப் போட்டிருக்கிறார்கள் என்று உன் மகன் சொன்னான். பத்து நாளாக உன் போன் அணைந்தே கிடக்கிறது. "அம்மா யார்கிட்டயும் பேசறதில்ல சித்தி, ஜன்னலைக்கூடத் திறக்க விடமாட்டேங்கறாங்க" என்றான். வரும் வியாழக்கிழமை விசாரணையில் 'தலைமையாசிரியை என்ற முறையில் முழுப் பொறுப்பும் எனக்கே' என்று எழுதிக்கொடுக்கப் போகிறாயாம். அதற்காக இடது கையால் கையெழுத்துப் போட்டுப் பழகுகிறாயாம். அதைக் கேட்டபிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இதைக் கூரியரில் அனுப்புகிறேன், செவ்வாய்க்குள் கிடைத்துவிடும். தயவுசெய்து கடைசி வரை படி.

என் வேலையை நீ எப்போதும் கேலி செய்வாய். "நாங்க பிள்ளைங்களோட மல்லுக்கட்டறோம், நீ ஃபேனுக்கு அடியில உக்காந்து எங்களுக்குப் புத்தி சொல்றே" என்பாய். பெரிய தப்பில்லை. எங்கள் ஆய்வுப் பிரிவுக்குப் பள்ளிகள் கேள்வி அனுப்பும். உலகத்தில் யார் யார் அதைச் சோதித்துப் பார்த்தார்கள், எத்தனை பள்ளியில், செய்யாத பள்ளிகளோடு ஒப்பிட்டார்களா என்று தேடிப் படித்து, சுருக்கி, குறிப்பு எழுதி அனுப்புவேன். நம்பத் தகுந்தது என்றால் தலைப்புக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி. சந்தேகம் என்றால் மஞ்சள். எங்கள் பிரிவுத் தலைவரை நாங்கள் 'ரெண்டு பக்கம்' என்றுதான் சொல்வோம். எந்தக் குறிப்பும் இரண்டு பக்கத்தைத் தாண்டக் கூடாது. "மூணாவது பக்கத்தை எந்த ஹெட்மாஸ்டரும் புரட்டினதா சரித்திரம் இல்லம்மா" என்பார். நாங்களும் சிரிப்போம்.

போன ஜூனில் உன் பள்ளியிலிருந்து கேள்வி வந்தது. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்கிறார்கள், தண்டித்தும் குறையவில்லை, வேறு வழி உண்டா என்று. பதினேழு ஆய்வுகள் எடுத்தேன். அவற்றோடு நூற்று நாற்பத்தாறு பக்க வழிகாட்டி நூல் ஒன்றும் கிடைத்தது. அவை சொன்ன வழி, வட்டமாக உட்கார வைப்பது. அடித்தவரும் அடிபட்டவரும் மற்றவர்களும் ஒரே வட்டத்தில் உட்கார வேண்டும், கையில் பந்து இருப்பவர் மட்டும் பேச வேண்டும், யாரையும் யாரும் தொடக் கூடாது. படிக்கப் படிக்க எனக்குக் கண்ணில் நீர் வந்தது. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஆய்வைப் படித்து அழுகிறவள் அதற்குப் புள்ளி வைக்கக் கூடாது.

குறிப்பு எழுதி முடித்தபோது மூன்றாம் பக்கத்துக்கு ஒன்பது வரி வழிந்தது. எழுத்தைச் சிறிதாக்கினேன், ஓரத்தை ஒடுக்கினேன், அடங்கவில்லை. அந்த நூலின் ஆறாம் அத்தியாயத்துக்கு நான் எழுதியிருந்த சுருக்கம் சரியாக ஒன்பது வரி. அதை வெட்டிவிட்டு, 'முன்தயாரிப்பு அவசியம்' என்று இரண்டு வார்த்தை போட்டேன். குறிப்பு இரண்டு பக்கத்தில் அழகாக உட்கார்ந்தது. பச்சைப் புள்ளி வைத்து அனுப்பினேன். நீ போன் செய்து, "நம்பிச் செய்யலாமாடி?" என்று கேட்டாய். தாராளமாகச் செய் என்றேன்.

வெட்டிய வரிகள் இவை: ஒருவர் மற்றவரை நெடுநாளாகத் துன்புறுத்தி வந்திருந்தால் அவர்களை ஒரே வட்டத்தில் உட்கார வைக்கக் கூடாது. முதலில் தனித்தனியாகச் சந்திக்க வேண்டும். துன்பப்பட்டவரே வர விரும்புகிறேன் என்று சொல்லும்வரை வட்டம் கூட்டக் கூடாது. கூட்டினால் அது இன்னொரு முறை அடிப்பதற்குச் சமம்.

நடந்ததை விசாரணைக் கோப்பில் படித்தேன். கருத்துக் கேட்டு எங்கள் பிரிவுக்கு அனுப்பியிருந்தார்கள். முப்பத்தொரு பக்கம். அதை யாரும் இரண்டாகச் சுருக்கச் சொல்லவில்லை.

அறிவியல் கூடத்தில் பதின்மூன்று இரும்பு மடக்கு நாற்காலிகள். எதிரெதிரே உன் ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் இருவர்: நெட்டை என்று கூப்பிடப்படுகிறவள், ஊமை என்று வகுப்பே பட்டம் கட்டிய அந்தச் சின்னப் பெண். நெட்டை அவள் முகத்தைக் கழிப்பறைத் தண்ணீரில் முக்கியெடுத்தது உனக்குத் தெரியும். காம்பஸ் முனையைத் தீயில் காட்டி அவள் தொடையில் வைத்தது தெரியாது. பதினொரு தழும்பு, மருத்துவர் எண்ணியிருக்கிறார். முதல் தழும்புக்கு ஒரு வயது ஆகிறதாம்.

நெட்டை பந்தை வாங்கி, "ஸாரி ஊமை, சும்மா விளையாட்டுக்குத்தான்" என்றிருக்கிறாள். பந்து சின்னவளிடம் போனது. அவள் பேசவில்லை. 'மௌனத்தை அவசரப்படுத்தாதீர்கள்' என்று நான் எழுதியிருந்தேன், நீ அவசரப்படுத்தவில்லை. நான்கு நிமிடம். பிறகு அவள், "பாத்ரூம்ல என்ன பண்ணேன்னு நீயே சொல்லு" என்றாளாம். நெட்டை சிரித்து, "ஏன், உனக்கு வாய் இல்ல?" என்று கேட்டாளாம்.

சின்னவள் எழுந்து, உட்கார்ந்திருந்த நாற்காலியை மடக்கி இரண்டு கையாலும் ஓங்கினாள். முதல் அடி வாயில். மேல்வரிசைப் பல் மூன்று தரையில் கிடந்தது. இரண்டாவது அடியில் மடக்கு விளிம்பு இடது கண்ணுக்குள் போனது. மூன்றாவதுக்கு நீ கையைக் கொடுத்தாய். எலும்பு உடைந்த சத்தம் பலகை முறிந்த மாதிரி கேட்டது என்று ஆய்வக உதவியாளர் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகும் அவள் நிறுத்தவில்லை. நான்கு பேர் சேர்ந்து பிடித்தபோது நாற்காலியை விட மறுத்து, பிடித்த கையைக் கடித்துக் குதறியிருக்கிறாள். அவ்வளவு நேரமும் அவள் கத்தவே இல்லையாம்.

மறுநாள் நெட்டையின் அப்பா ஆட்களோடு வந்து உன் அறையில் ஒரு கண்ணாடி விடாமல் உடைத்ததையும், சின்னவள் வீட்டுக் கதவை இடித்துத் தள்ளி அவள் அம்மாவை முடியைப் பிடித்துத் தெருவில் இழுத்ததையும் படித்தேன். நெட்டைக்கு அந்தக் கண் இனி தெரியாது. அவள் செய்ததையெல்லாம் படித்த பிறகும், பதினான்கு வயதில் ஒற்றைக் கண்ணோடு கண்ணாடி முன் நிற்கப்போகிறவளை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அக்கா, ஆறாம் அத்தியாயம் எனக்குப் புரியாமல் போனதல்ல. அதை என்னைவிட நன்றாகப் புரிந்தவர்கள் யார் இருக்கிறார்கள்? அப்பா இஸ்திரிப் பெட்டி வயரால் நம்மை விளாசி முடித்து, முகம் கழுவி, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, "இப்போ சொல்லு, என்ன கஷ்டம் உனக்கு? மனசு விட்டுப் பேசு" என்று கேட்பாரே. உன் காதிலிருந்து ரத்தம் கழுத்துக்கு இறங்கிக்கொண்டிருக்கும். "ஒண்ணும் இல்லப்பா" என்பாய். நானும் "ஒண்ணும் இல்லப்பா" என்பேன். அந்த நேரங்களில் அவர் மண்டையைப் பிளக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியிருக்கிறது. எதனால், எந்த இடத்தில் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். உனக்கும் தோன்றியதா என்று நான் கேட்டதில்லை. யாரும் யாரையும் தொடாத ஓர் அறை உலகத்தில் எங்காவது இருக்க வேண்டும் என்ற ஆசையில், அப்படி ஓர் அறை உண்டு என்று சொன்ன ஆய்வுகளை இரண்டு முறை படித்தேன். ஜாக்கிரதை என்று சொன்னவற்றை ஒரு முறை படித்தேன். என் தேடலின் லட்சணம் இதுதான்.

புதன்கிழமை 'ரெண்டு பக்கம்' என்னை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். இணையதளத்தில் இப்போது இருக்கும் குறிப்பில் அந்த ஒன்பது வரியும் இருக்கிறது, தேதி மட்டும் பழையது. எல்லாப் பள்ளிக்கும் இதைத்தான் அனுப்பினோம் என்று நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். "உங்க அக்காவுக்கு இன்னும் மூணு வருஷ சர்வீஸ். உங்களுக்குப் பதினொண்ணு. அவங்களே ஒத்துக்கறேங்கறாங்க. நீங்க ஏம்மா குறுக்கே விழறீங்க?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்திக்கொண்டே சொன்னார். இரண்டு நாள் யோசித்தேன். உடனே முடியாது என்று சொல்லிவிட்டேன் என உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். இரண்டு முழு நாள், சாப்பிட்டு, தூங்கி, யோசித்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் என் மேசையிலிருந்த பழைய அச்சுப் பிரதியை, அடியில் அச்சிட்ட தேதியோடு, விசாரணை அதிகாரியிடம் நேரில் கொடுத்து ரசீது வாங்கினேன். வெட்டியது நான்தான் என்று கைப்பட எழுதியும் கொடுத்தேன். அதிகாரி படித்து, உறையில் போட்டு ஒட்டிவிட்டு, "தலைமையாசிரியை பொறுப்பேத்துக்கிட்டா இதையெல்லாம் நான் பிரிக்கவே வேண்டியிருக்காதும்மா" என்றார். உன் ஒரு கையெழுத்து போதும், என் வாக்குமூலம் அப்படியே உறைக்குள் கிடக்கும். பிரதியின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன்.

உன்னைப் பற்றி மட்டும் என்றால் உன் பிடிவாதத்தோடு உன்னை விட்டிருப்பேனோ என்னவோ. சிறார் இல்லத்தில் இருக்கும் அந்தச் சின்னவளை நினை. ஒழுங்காகத்தான் வட்டம் கூட்டினோம், தலைமையாசிரியை கொஞ்சம் அசந்துவிட்டார் என்று கோப்பு மூடப்பட்டால், அவள் காரணமில்லாமல் வெறிபிடித்து அடித்தவள் ஆகிவிடுவாள். ஒரு வருடம் சுட்டவளின் எதிரே, வர விருப்பமா என்று ஒரு வார்த்தை கேட்காமல், நாம் அவளை உட்கார வைத்தோம் என்பது எங்கேயும் பதிவாகாது. பிரதியை நீ மேசையில் வைத்தால்தான் அது பதிவாகும்.

வியாழக்கிழமை அந்த அலுவலகத்துக்கு நானும் வருவேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காவிட்டால் பார்க்காமலே உள்ளே போ. என்னைத் திட்ட வேண்டுமென்றால் எல்லார் முன்னாலும் திட்டு. நகலை மட்டும் எடுத்துக்கொண்டு போ.

மாமாவுக்கு என் வணக்கம். நேரத்துக்கு மாத்திரை கொடுக்கச் சொல் உன் மகனிடம். உன் கை சீக்கிரம் கூடி வரட்டும். அதுவரை இடது கைக்கு இந்தக் கையெழுத்தைப் பழக்காதே, அக்கா.

உன் தங்கை