சேத்தூர் மண்டபமும் உன் கையெழுத்தும்

அன்பு மகள் கல்பனாவுக்கு, ராஜபாளையத்திலிருந்து அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீ மஸ்கட்டில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும். எனக்கு மனசுதான் ஒரு நிலையில் இல்லை. போனில் சொல்லலாமென்றால் அம்மா பக்கத்திலேயே இருக்கிறாள், விஷயமோ அவள் அண்ணனைப் பற்றியது, அதனால்தான் எழுதுகிறேன்.

உன் ராஜரத்தினம் மாமா சேத்தூரில் கல்யாண மண்டபம் கட்டுகிறார் அல்லவா, அதற்கு ஆர்க்கிடெக்ட் கையெழுத்து வேண்டும் என்று பேரூராட்சி ஆபீஸில் சொல்லிவிட்டார்களாம். பிளான் வேறு யாரோ வரைந்தது, தூண்களும் எழும்பிவிட்டன, உன் கையெழுத்தும் பதிவு நம்பரும் மட்டும் போதுமாம். காது குத்துனப்ப என் மடியிலதான உக்காந்திருந்தா, ஒரு கையெழுத்துப் போடமாட்டாளா மாப்ள என்று வீட்டில் வந்து சட்டமாக உட்கார்ந்துகொண்டார். பிளானில் இரண்டு மாடி, அவர் பேச்சில் மூன்று மாடி. ஐந்து வருஷம் படித்தாலும் கவுன்சிலில் பேர் பதிந்தால்தான் ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ள முடியும், தப்புத்தண்டா பண்ணினால் அந்தப் பேரை எடுத்துவிடுவார்கள் என்று நீ சொன்னது எனக்கு மறக்குமா. போலீஸில் இருந்தவரைக்கும் எத்தனையோ பேரிடம் முடியாது என்றவன், மச்சானிடம் அந்த வார்த்தை வராமல், அவ லைசென்ஸ் ரத்தாகிப்போச்சு மச்சான் என்று சொல்லித் தொலைத்தேன்.

அவர் சும்மா இருப்பாரா, போகிற இடமெல்லாம் அதையே சொல்லியிருக்கிறார். தை மாதம் நீ வந்து இங்கே ஆபீஸ் போடப்போகிற நேரம். உனக்கு முதல் வேலையாக ஆஸ்பத்திரிக் கட்டிடம் தருவதாக இருந்த ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர் சௌந்தரபாண்டியன் பஸ் ஸ்டாண்டில் என்னை நிறுத்தி, மகளுக்கு லைசென்ஸ் போயிருச்சாமே, என்ன தப்புப் பண்ணுனா என்று கேட்டார். நான்தான் பொய் சொன்னேன் என்றேன், அவர் நம்பவில்லை. மகளுக்காக அப்பன் பூசி மெழுகுகிறான் என்று நினைத்திருப்பார். நீயே அவரிடம் பேசு, கவுன்சில் சான்றிதழையும் அனுப்பிவை.

அங்கிருந்து நேராகச் சேத்தூருக்கு பஸ் ஏறினேன். மண்டபத்தில் கான்கிரீட் போட ஆட்கள் நின்றார்கள். அத்தனை பேர் முன்னாலும், லைசென்ஸ் நல்லாத்தான் இருக்கு மச்சான், கையெழுத்துத்தான் போடமாட்டா என்றேன். அப்ப எம்மேல நம்பிக்கை இல்லையா என்று கேட்டார். ஆமா என்றேன். பொறவு அவர் கான்கிரீட் ஆட்கள் பக்கம் போய்விட்டார், நானும் வீட்டுக்கு வந்துவிட்டேன். அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டும் என்று இப்போது அடுப்படியில் அதிரசம் சுட்டுக்கொண்டிருக்கிறாள்.

வெயிலில் அலையாதே, தண்ணீர் நிறையக் குடி. மாரியம்மன் உனக்குத் துணையிருக்கட்டும், கை வைத்ததெல்லாம் விளங்கட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே தாயி. மாமா உனக்கே போன் போடுவார், அம்மாவும் அழுதுகொண்டு கேட்பாள். நாளைக்கு நானே மனசு இளகிக் கேட்டாலும் கையெழுத்துப் போடாதே.

உன் அப்பா,
தங்கப்பாண்டியன்