வெயிலில் வைத்த தொட்டிகள்

அன்புள்ள சின்னக்குட்டிக்கு அம்மா எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, முழங்கால் மட்டும் படியேறும்போது முரண்டு பிடிக்கிறது. நீ நேரத்துக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் அண்ணன் வேலை மாறிவிட்டான், போன மாதம் ஒருமுறை பேசினான். எதிர்வீட்டுத் தையல்காரம்மா மகள் வீட்டோடு போய்விட்டாள், வீடு பூட்டிக் கிடக்கிறது.

ஃபோனில் சொல்ல வாய் வராததால் எழுதுகிறேன். விதை முற்றும்வரை பார்த்துக்கொள், இது போனால் வேறு விதை கிடையாது என்று பின்னறையில் மங்கல் விளக்கடியில் நீ விட்டுப்போன மூன்று தொட்டிகளில் இரண்டு செத்துவிட்டன. நான்தான் காரணம். வெளிச்சத்தில் வைக்காதே என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாய். திங்கட்கிழமை மூன்றையும் தூக்கிவந்து கூடத்து ஜன்னலில் வைத்தேன். புதன்கிழமை இலைகள் திட்டுத்திட்டாக வெளுத்து ஓரம் கருகிச் சுருண்டன. பதறிப்போய்த் தண்ணீர் ஊற்றினேன், பலனில்லை. உன் ஆய்வுக்கூடத் தோழி, குண்டூசி என்பாயே, அவளை வரச்சொன்னேன். பார்த்ததும் தலையில் கைவைத்துக்கொண்டாள். வெயில் ஏறினால் எந்த இலைக்குள்ளும் ஹைட்ரஜன் பெராக்சைடு என்று இலையைக் கருக்குகிற ஒன்று ஊறுமாம், மற்றச் செடிகளில் அதை உடைக்க ஒரு நொதி இருக்கிறதாம், இந்தச் செடியில் அது இல்லையாம். அந்தப் பெராக்சைடுச் சனியனை எல்லாச் செடியிலும் அடியோடு துடைத்துவிட்டால் என்ன என்று கேட்டேன். ஐயோ அம்மா, அது கொஞ்சமாவது இருந்தாத்தான் ஆபத்து வந்துடுச்சுன்னு செல்லுக்கே தெரியும், அப்பத்தான் வளர்றதைக் குறைச்சுக்கிட்டு இருக்கிற சர்க்கரையைத் தன்னைக் காப்பாத்திக்கச் செலவு பண்ணும் என்றாள். உங்க பொண்ணு நாலு வருஷமா இதைத்தான் பாக்கறா, நீங்க ரெண்டே நாள்ல முடிச்சுட்டீங்க என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்றாவது தொட்டி திரைச்சீலை மறைவில் இருந்ததால் பிழைத்தது. நான்கு காய்கள் நிற்கின்றன, மறுபடி பின்னறையில் வைத்துவிட்டேன். காய் பழுத்ததும் குண்டூசியே வந்து விதை எடுத்து அனுப்புவாள்.

இருட்டில் செடிகளைப் பார்க்கப் பாவமாக இருந்தது, அதனால் தூக்கிவந்தேன் என்று அவளிடம் சொன்னேன். அது பொய். பகல் முழுக்க நான் கூடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன், கண்ணெதிரே உயிருள்ளது ஏதாவது இருக்கட்டும் என்றுதான் கொண்டுவந்தேன். ஆள் வருவதும் போவதுமாக இருக்கிறது என்று உன்னிடம் சொன்னேனே, அதுவும் பொய்தான். இந்த மாதம் இந்த வீட்டுக்குள் வந்த ஒரே ஆள் குண்டூசி.

நோய்நொடி அண்டாமல், எடுத்த வேலை கைகூடி நன்றாக இரு. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் ஃபோன் பண்ணி என்னைத் திட்டு. அவசரப்படாமல், நிதானமாகத் திட்டு.

இப்படிக்கு,
உன் அம்மா