பாபிகிர் வீட்டு அண்டா

மார்ச் 12, 1979. எல் ஒபெய்த், சூடான்

பிசின் விலை இன்றும் ஏறவில்லை. மூட்டையின் அடியில் மணலைக் கலந்து கொண்டுவந்து என் தலையில் கட்டப் பார்த்தான் ஒருவன். கழுதை வண்டியில் பிசின் ஏற்றிப் பிழைப்பைத் தொடங்கியவன் நான். என்னிடமேயா?

மாலையில் ஹாஜ் பாபிகிரின் மகன் அந்நூர் வந்தான். அவன் அம்மா ஸித்தனா ஹாஜ்ஜாவின் நாற்பதாம் நாள் சாப்பாடு முடிந்துவிட்டது. அத்பராவுக்கு ரயில் ஏறுகிறான், வேலை அங்கே. வீட்டை விற்றுத் தரச் சொல்லிச் சாவியைக் கொடுத்தான். "ஒரே சாவிதான் மாமா, தொலைச்சிடாதீங்க." சுற்றிப் பார்த்தோம். சுவர் நல்ல சுவர். முற்றத்து மூலையில் அந்தப் பெரிய செம்பு அண்டா கவிழ்ந்து கிடந்தது. இதையும் சேர்த்துத் தள்ளிவிடலாமா என்று கேட்டேன். அவன் முகம் மாறியது. "அது எங்களுது இல்ல மாமா. தெருவோடது."

சரி, கிடக்கட்டும்.

மார்ச் 15

என் மனைவி ரௌதா காலையிலிருந்து பாபிகிர் தம்பதியைப் பற்றியே பேசுகிறாள். அவளுக்குக் கால் மறுபடி வீங்கியிருக்கிறது, படுத்தபடி பேசுவதைத் தவிர வேறு வேலையில்லை.

இந்தத் தெருவில் அவர்கள் சமைக்காத கல்யாணம் இல்லை, துக்கம் இல்லை. ஹாஜ் பாபிகிர் ரயில்வேயில் கைகாட்டி மாற்றும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டு அறை வீடு. அதில் தன் பிள்ளைகளையும், செத்துப்போன தம்பியின் பிள்ளைகளையும் ஒன்றாக வளர்த்தார்கள். எது யார் பிள்ளை என்று எனக்கு இன்றுவரை சரியாகத் தெரியாது. அண்டாவை ஆளுக்கொரு காதாகப் பிடித்துத் தூக்கி வருவார்கள். அவர் நெட்டை, அவள் குட்டை. பாரமெல்லாம் அவள் பக்கம் சரியும். "குனிஞ்சு நடய்யா ஒட்டகமே! கல்யாணம் பண்ணின நாள்லேர்ந்து சொல்றேன்!" என்று தெருவே கேட்கத் திட்டுவாள். அவர் குனிய மாட்டார், சிரிப்பார்.

யாரும் அவர்களைக் கூப்பிட்டதில்லை என்பதுதான் விஷயம். அவர்களே வருவார்கள். என் அம்மா போன அன்று விடிகாலையில் கதவு தட்டப்பட்டது. திறந்தால் இருவரும் நிற்கிறார்கள், நடுவில் அண்டா. "என்ன ஹாஜ், இந்நேரத்துல?" என்றேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "உள்ள போய் அம்மாவைப் பாரு மகனே" என்றார். போய்ப் பார்த்தேன். உடம்பில் இன்னும் சூடு இருந்தது.

எப்படித் தெரியும் என்று பிறகொரு நாள் கேட்டேன். "எங்களுக்கு என்னப்பா தெரியும்? அவ எழுந்து செருப்பு போடுவா. நான் பின்னாடியே போவேன்" என்றார்.

அவர் இறந்த அன்று ஸித்தனா தனியாக அண்டாவை முற்றத்துக்கு இழுத்துப் போட்டுத் தன் கையால் அடுப்பு மூட்டினாள். அதே வாரம் அவளும் போனாள். அன்று போய்ப் பார்த்தபோது அண்டா வாசலில் தயாராக இருந்தது, கழுவித் துடைத்து.

ஏப்ரல் 4

பாபிகிர் வீட்டைப் பார்க்க ஆள் வந்தான். மண்ணெண்ணெய் வியாபாரி, கையில் காசு உள்ளவன். உள்ளே வந்தான், முற்றத்தில் நின்றான், தண்ணீர் கேட்டான், போய்விட்டான். ஏன் என்று சொல்லவில்லை.

ஏப்ரல் 19

தையல்கார ஹமது வீட்டு வாசலில் காலையில் அண்டா.

ஹமதின் மனைவி அதைப் பார்த்து அலறினாளாம். வீட்டில் எல்லோரும் நன்றாகத்தான் இருந்தார்கள். மதியம் ஹமதின் தம்பி லாரியிலிருந்து விழுந்து செத்தான்.

தெரு முழுக்க என்னிடம் வந்தது. சாவி என்னிடம்தானே. போய்ப் பார்த்தேன்: பூட்டு பூட்டியபடி இருக்கிறது, சுவர் ஆள் உயரத்துக்கு மேல். முற்றத்து மூலையில் மண்ணில் ஒரு வட்டம் மட்டும். இழுத்த தடம் இல்லை.

மளிகைக் கடை கராருக்கு எல்லாமே வேடிக்கை. "மக்கி மொதலாளி, சவச் சாப்பாட்டுலயும் தரகு ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று என்னைக் கேட்டான். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

எவனோ விளையாடுகிறான். புதுப் பூட்டு வாங்கினேன், கனமான இரும்புப் பூட்டு. அண்டாவை ஆள் வைத்து உள்ளே கொண்டுபோய்ப் போட்டுப் பூட்டினேன்.

மே 8

இன்று வாத்தியார் வீட்டு வாசலில். புதுப் பூட்டு தொங்குகிறது, கீறல்கூட இல்லை. வாத்தியாரின் மாமியார் அஸர் தொழுகை நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தாள்.

சாவி நாள் முழுக்க என் இடுப்பில் இருந்தது. தூக்கத்தில் எழுந்து நடக்கிறேனா? ரௌதாவிடம் கேட்டேன். "நீங்களா? நீங்க தூங்கினா பக்கத்துல ஆட்டை அறுத்தாலும் தெரியாது" என்றாள்.

மே 27

எங்கள் வாசலில்.

மே 27, மறுபடி

இந்த வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டு பேர். மகன் இத்ரீஸ் ஜெத்தாவில் இருக்கிறான், தந்தி கொடுத்துக் கேட்டாயிற்று, நலம். அப்படியென்றால் நானா, அவளா?

நானாக இருந்தால் பரவாயில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பொய். நானாக இருக்கக் கூடாது. அவளாகவும் இருக்கக் கூடாது. அவள் இல்லாத வீட்டில் நான் என்ன செய்வேன்? என் சட்டை எந்தப் பெட்டியில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது.

அண்டாவை நானே பாபிகிர் வீட்டுக்கு உருட்டிக்கொண்டு போனேன், பட்டப்பகலில், தெரு முழுக்க ஓசை. யாரும் கை கொடுக்கவில்லை. கதவுகளை மெல்ல மூடிக்கொண்டார்கள். கரார் மட்டும் கடையிலிருந்து, "அது ஒங்களத் தேடி வந்திருக்கு, நீங்க என்னடான்னா வெளிய தள்றீங்க! விருந்தாளிய இப்படியா நடத்துறது?" என்றான். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

டாக்டரை அழைத்து வந்து ரௌதாவைக் காட்டினேன். இதயம் பலவீனமாம். அது எனக்கே தெரியும்.

மே 28

திரும்பி வந்துவிட்டது. கழுவித் துடைத்திருக்கிறது.

மே 29

அண்டாவை இரும்புக்காரனிடம் கொடுத்து வெட்டச் சொல்லப் போகிறேன் என்றேன். ரௌதா கட்டிலை விட்டு எழுந்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு தானாக எழுந்தாள்.

"இத்ரீஸ் அப்பா, அது வாசலுக்கு வந்தா என்ன பண்ணணும்?"

"என்ன பண்ணணும்?"

"அடுப்பு மூட்டணும். வேற எதுக்கு அது?"

"யாருக்குடி சமைக்கிறது? இங்க யார் செத்தா?"

"எனக்குன்னே வெச்சுக்கோங்க. நானே சமைச்சா உப்பாவது சரியா இருக்கும்."

நான் கத்தினேன். என்னென்ன சொன்னேன் என்று நினைவில்லை. அவள் வாசலில் கல் கூட்டிக்கொண்டிருந்தாள்.

மே 30

இரண்டு ஆடு. ரொட்டியைப் பிய்த்துப் போட்டு, சோறு, மேலே குழம்பு. ரௌதா முக்காலியில் உட்கார்ந்தபடியே கிளறினாள். நான் விறகு தள்ளினேன். திட்டு வாங்கிக்கொண்டே தள்ளினேன். பாயை விரித்தோம், நாற்காலி போட்டோம், துக்க வீட்டில் போடுவதுபோல.

தெரு வந்தது. ஒருவர் பின் ஒருவராக, தலையைக் குனிந்துகொண்டு. உட்கார்ந்ததும் கைகளை ஏந்தி, இறந்தவருக்கு ஓதும் ஃபாத்திஹா ஓதினார்கள். யாருக்கு என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. என் கையைப் பற்றி, "அல்லாஹ் உங்களுக்குப் பொறுமை தரட்டும்" என்றார்கள். நானும் ஆமீன் சொன்னேன். உள்ளே பெண்கள் ரௌதாவைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவள் அவர்களுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தாள். கரார் வந்து, சாப்பிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போனான். அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

அண்டாவில் ஒரு பருக்கை மிச்சமில்லை.

ஜூன் 3

யாரும் சாகவில்லை. ரௌதாவின் கால் வீக்கம் வடிந்திருக்கிறது. டாக்டர் தன் மாத்திரைதான் காரணம் என்கிறார். இருக்கட்டும்.

அண்டாவைத் திருப்பிக் கொண்டுபோகவில்லை. எங்கள் முற்றத்திலேயே கவிழ்த்துவிட்டோம். மண்ணெண்ணெய்க்காரன் மறுபடி வந்து அந்த வீட்டைக் கேட்டான். பேரம்கூடப் பேசாமல் வாங்கிக்கொண்டான்.

செப்டம்பர் 22

காலையில் தொழுதுவிட்டு வந்தால் ரௌதா வெளியே கிளம்பும்போது உடுத்தும் தூப்பைச் சுற்றிக்கொண்டு நிற்கிறாள். செருப்பு போட்டிருந்தாள்.

"அந்தக் காதைப் பிடிங்க."

"எங்க?"

"வாத்தியார் வீட்டுக்கு."

"என்ன ஆச்சு?"

"தெரியாது. பிடிங்க."

பிடித்தேன். எத்தனை வருஷம் மூட்டை சுமந்தவன், அப்படியும் கனம் இடுப்பைப் பிடித்தது. அவளுக்கு மூச்சு வாங்கவேயில்லை. திருப்பத்தில் நுழையும்போது முதல் ஓலம் கேட்டது. போனவர் வாத்தியார்.

உனக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. இனியும் கேட்க மாட்டேன்.

அக்டோபர் 30

மூன்று வீடு ஆகிவிட்டது. நேற்று ரௌதா ஒரு பிள்ளைப்பேற்று வீட்டுக்குப் பலகாரம் எடுத்துக்கொண்டு போனாள், வெறும் வாழ்த்துச் சொல்ல. அவள் வாசலில் நின்றதும் உள்ளே அழத் தொடங்கிவிட்டார்கள். திரும்பி வந்து பலகாரத் தட்டைக் கீழே வைத்தாள். அப்புறம், "பாவம் ஸித்தனா ஹாஜ்ஜா. அதான் தெருவெல்லாம் கேக்குற மாதிரி அவரைத் திட்டிக்கிட்டே நடந்திருக்கா. சும்மா போறப்பவும், கல்யாணத்துக்குப் போறப்பவும் ஜனங்க பயப்படாம இருக்கணும்ல" என்றாள்.

நவம்பர் 17

புதுப் பிசின் வரத் தொடங்கிவிட்டது. விலை நன்றாக இருக்கிறது. சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

டீத்தூளும் சர்க்கரையும் வாங்கக் கராரிடம் போனேன். என்னைக் கண்டதும் தராசில் இருந்த கை நின்றுவிட்டது. என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் தெருவைப் பார்த்தான்.

"வீட்டுல... எங்க அவங்க?"

"ரௌதா வீட்டுலதான் இருக்கா. டீத்தூள் குடுப்பா."

அப்புறம்தான் மூச்சு விட்டான். பழைய கரார் திரும்பி வந்துவிட்டான். "மொதலாளி, இனிமே கடைக்கு வந்தா தூரத்துலேர்ந்தே பாட்டுப் பாடிக்கிட்டு வாங்க, என் ஈரக்குலையே அந்து போச்சு!" தொடையைத் தட்டிச் சிரித்தான். உள்ளிருந்து அவன் அம்மாவும் சிரிக்கும் சத்தம் கேட்டது. புதிதாகப் பிறந்த பேத்தி அவள் மடியில் சிணுங்கியது. கரார் ஒரு பிடி சர்க்கரை கூடுதலாகப் போட்டான், அவன் வாழ்க்கையில் முதல்முறையாக.

வீட்டுக்கு வந்தேன். ரௌதா முற்றத்தில் அண்டாவை நிமிர்த்தி வைத்திருக்கிறாள். தூப்பைச் சுற்றிவிட்டாள்.

எந்த வீடு என்று கேட்டேன். என் கையில் இருந்த சர்க்கரைப் பொட்டலத்தைப் பார்த்தாள்.

கரார் வீட்டில் போகப்போவது யார் என்று அவளுக்கும் தெரியாது. வாசலில் இருந்து கூப்பிடுகிறாள். கணக்கு ஒன்று எழுத வேண்டும், இதோ வருகிறேன் என்று சொல்லிவிட்டு இதைத் திறந்தேன். எழுத ஒன்றும் இல்லை. நான் எழுதிக்கொண்டிருக்கும் நேரமாவது கரார் கடையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கட்டும்.