கால்வாயை ஆறு என்றவன்

ஃபிளாண்டர்ஸ் விமானத் தளம்
18 ஜனவரி 1917

அன்புள்ள ஹின்னெர்க்,

நலமா என்று கேட்க எனக்குத் தகுதி இல்லை; ஆனாலும் கேட்கிறேன். கால் எலும்பு கூடிவிட்டதா? மருத்துவமனையிலும் டர்னிப் கிழங்குக் கஞ்சிதானா? இங்கே ஜாம்கூட டர்னிப்பில்தான் செய்கிறார்கள்.

உன் இடத்துக்குப் புது விமானி வந்திருக்கிறான். நம் ஜெர்மன் விமானப்படை வழக்கத்தை அவனிடம் சொன்னேன்: ஓட்டுபவன் யாரானாலும் எமில், பின்னால் வரைபடத்தோடு உட்காருபவன் ஃப்ரான்ட்ஸ் என்று. சரி சார் என்றான், அவ்வளவுதான். தோளைத் தட்டினால் திரும்புகிறான்; தட்டாவிட்டால் நேரே போகிறான். தரையில் சல்யூட் அடித்துவிட்டு, மேலே போனதும் டேய் என்று கூப்பிட நீ ஒருவன்தான் இருந்தாய். அதிகாரிகள் மெஸ்ஸில் பன்னிரண்டு பேரோடு சாப்பிடுகிறேன். பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை.

அன்று மூடுபனியில் நீ திரும்பிக் கத்தியது இன்னும் காதில் நிற்கிறது. "டேய் ஃப்ரான்ட்ஸ், அது ஆறு இல்லடா, கால்வா. ஆறு எங்கயாவது இப்படி நேரா ஓடுமா?"

நான் காதில் வாங்கவில்லை. நேரே போ என்று உன் தோளில் ஓங்கி இரண்டு தட்டு தட்டினேன். தட்டியவன் அதிகாரி என்பதால் நீயும் போனாய். ஆங்கிலேயர் எல்லைக்குள் வெகுதூரம் போய், பெட்ரோல் தீர்ந்து, நின்றுபோன எஞ்சினோடு நம் பதுங்குகுழி வரை நீ கொண்டுவந்து சேர்த்ததே பெரிய காரியம். எனக்கு நெற்றியில் ஒரு கீறல். உனக்குக் கால் எலும்பு முறிந்தது.

அறிக்கையில், விமானி நான் காட்டிய வழியில் போகவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வழி தெரியாத ஃப்ரான்ட்ஸ் என்று மெஸ்ஸில் சிரிப்பார்களே என்ற பயம். கோழைத்தனம், வேறென்ன? உன் விமானி பேட்ஜைப் பறித்துக் காலாட்படைக்கு அனுப்பப் போகிறார்கள் என்று கேள்விப்பட்ட பிறகுதான் உன்னைப் பார்க்க ஓடிவந்தேன். நீ திட்டித் தீர்ப்பாய் என்று நினைத்தேன்.

"லெப்டினன்ட் சார், நீங்க எழுதினா அது சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய். அந்த 'நீங்க' என்னைக் கொன்றுவிட்டது.

நேற்று கமாண்டரிடம் உண்மையை எழுதிக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டுக் கதவைக் காட்டினார். உன் பேட்ஜ் உன்னிடமே இருக்கும். காலாட்படைக்கு நான் போகிறேன், திங்கட்கிழமை.

உன் கால் சீக்கிரம் தரையில் ஊன்றட்டும். சொன்னால் கேட்கிற ஒருவன் உன் பின்னால் உட்காரட்டும். மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை. பதுங்குகுழியில் கிடப்பவனுக்கு மேலே போகிற விமானங்கள் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். நீ மறுபடி பறக்கும்போது, உன் விமானத்தின் எண்ணை மட்டும் ஒரு வரி எழுதி அனுப்பு.

என்றும் உன் நலம் நாடும்,
கொன்ராட் லிண்டாவ்