பஞ்சுத் தாடி

டிசம்பர் 25, இரவு

இந்த வருடமும் பிள்ளைகளின் அப்பாதான் கிறிஸ்துமஸ் தாத்தா. வாடகைக்கு எடுப்பது வேண்டாமென்று புதுச் சிவப்பு உடுப்பே தைத்துக்கொண்டார். சாயங்காலம் முகமூடியும் பஞ்சுத் தாடியுமாக வாசலில் நின்று மணி அடித்தார். குரல் தெரிந்துவிடும் என்று ஒரு வார்த்தை பேசவில்லை. மிட்டாய் வாங்கக் கை நீட்டிய சின்னவள் மெர்சி, அவர் இருமியதும் நின்றுவிட்டாள்.

"அம்மா, இது அப்பா. அப்பாதான் இப்புடி இருமும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன்.

செராமிக் கம்பெனியில் அவரை மண் அரைக்கிற பக்கம் மாற்றியதிலிருந்து இந்த இருமல். மழைக்கு வந்தது, போய்விடும் என்று நான்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உடுப்பைக் கழற்றிக் கொடுத்தபோது தாடியின் உள்பக்கப் பஞ்சு சிவந்திருந்தது. என்ன இது என்று கேட்டேன்.

"புதுத் துணிதான, சாயம் போவுது. நீ கேக்கை வெட்டு, புள்ளைங்க காத்துக்கிட்டு இருக்குதுங்க."

வெட்டினேன். அவரும் ஒரு துண்டு சாப்பிட்டார்.

இப்போது எல்லோரும் தூங்குகிறார்கள். உடுப்பையும் குல்லாவையும் அப்போதே வாளியில் ஊறப் போட்டிருந்தேன். சற்றுமுன் போய்க் கசக்கிக்கூடப் பார்த்தேன். தண்ணீர் கொஞ்சமும் சிவக்கவில்லை.