பொன்னாடையோடு நீங்கள் சொன்ன விமர்சனம்

அண்ணை,

உங்கள் முப்பத்தோராம் நாள் நினைவு மலர் இன்று தபாலில் வந்தது. அட்டையில் நீங்கள் சிரிக்கிறீர்கள். அச்சு மை இன்னும் மணக்கிறது. உள்ளே எல்லோரும் உங்களை 'மனம் நோகப் பேசத் தெரியாதவர்' என்று எழுதியிருக்கிறார்கள். செத்தவரைப் பற்றி நல்லது மட்டும் எழுதுவது எங்கள் வழக்கம். என்னிடமும் ஒரு பக்கம் கேட்டார்கள். நேரமில்லை என்றேன். நேரம் நிறையவே இருந்தது.

நான் லண்டனில் இருந்தபோது, இரவல் கமெராவில் எடுத்த அந்தக் கடத்தல் படத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பாதிக்கு மேல் ஒரே அறை. கடத்தப்பட்ட பெண்ணாக நடித்தவள் என் மனைவி. அங்கே ஓர் ஆங்கிலப் பத்திரிகை படத்தைக் கிழிகிழியென்று கிழித்துவிட்டு, அவள் அசையாமல் இருந்ததை மட்டும் பாராட்டியது. அந்த ஒரு வரியை நம்பித்தான் ரொறன்ரோவுக்கு வந்த பிறகும் நடிக்க ஆசைப்பட்டாள்.

இங்கே ஸ்காபரோவில் திரையிட்டபோது, பேர்போன விமர்சகர் என்று உங்களைப் பிரதம விருந்தினராக அழைத்தோம். படம் முடிந்ததும் அவளே உங்களுக்குப் பொன்னாடை போர்த்தினாள். போர்த்தினால் நாலு நல்ல வார்த்தை வரும் என்று நம்பியது எங்கள் மடத்தனம். அது தோளில் கிடக்கும்போதே மைக்கைப் பிடித்தீர்கள்.

"கடத்தப்பட்டது அந்தப் பிள்ளை இல்லை, நாங்கள்தான்," என்றீர்கள். சபை சிரித்தது. சிரிக்கிற சபையை நீங்கள் ஒருநாளும் சும்மா விட்டதில்லை. "அறைக்குள்ள பூட்டி வைச்சா ஒருத்தி கத்துவாள், கதவை உடைப்பாள். இவ பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி இருக்கிறா. வெள்ளைக்காரனுக்கு எங்கட ஆக்கள் சும்மா இருந்தாலும் நடிப்புத்தான்."

முன்வரிசையில் இருந்த அவளும் சிரித்தாள்.

திரும்பி வரும்போது, கார் 401 நெடுஞ்சாலையில் ஏறிய பிறகு சொன்னாள். "சண்டை நேரம் ஊரில எங்களைப் பிடிச்சு வைச்சிருக்கேக்க நான் அப்பிடித்தான் இருந்தனான். கத்தின பிள்ளையளைத்தான் வெளியில கொண்டு போனவங்கள்."

அதுவரை அவள் எனக்குக்கூட அதைச் சொன்னதில்லை. நானும் நடிப்பென்று நினைத்துத்தான் படமாக்கியிருந்தேன்.

மறுநாள் உங்களிடம் சொல்லப் போனை எடுத்தேன். அவள் விடவில்லை. "வேண்டாம். சொன்னா உடன வந்து, நல்லா நடிச்சனீர் எண்டுவார்."

பிறகு அவள் நடிக்கவே இல்லை. நீங்கள் வீட்டுக்கு வந்தபோதெல்லாம் தேத்தண்ணி தந்தாள்; பண்பான பிள்ளை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தீர்கள். உங்கள் செத்தவீட்டில் பலர் அழுதார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. கடைசிவரை வெட்கப்படாமலே போய்விட்டீர்கள், அண்ணை. உங்களுக்குரிய வெட்கத்தையும் நான்தான் சுமந்துகொண்டு திரிகிறேன்.