நூறடி தள்ளி நின்ற ஒறம்பரை

திருச்செங்கோடு,
5.7.2020, ஞாயிறு
(முழு ஊரடங்கு, காக்கைக்கும் தடை)

கொரோனா வார்டின் படைத்தளபதியும் என் அக்கா பெற்ற அருந்தவப் புதல்வியுமான நர்ஸ் மதுமதி அம்மிணிக்கு,

பூமியைத் துளைத்துப் பாதாளம் வரை போய் விசாரித்து வந்த உன் தாய்மாமன் வெள்ளியங்கிரி எழுதிக்கொள்வது. நலம் என்று தொடங்குவது மரபு. மரபைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன். இப்போது எல்லாவற்றையும் தள்ளித்தானே வைக்கிறார்கள்.

கையில் போன் இருக்க இந்தக் கிழவனுக்குக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். காலமெல்லாம் ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் வண்டியின் கம்ப்ரசர் பக்கத்தில் நின்ற காதுகள் எந்த லட்சணத்தில் இருக்கின்றன என்பது உனக்குத் தெரியும். காதில் மாட்டியிருந்த மிஷினும் போன வாரம் போய்ச் சேர்ந்தது. ரேஷன் கடை வாசலில் முகக்கவசத்தைக் கழற்றினேன். அதன் கயிறு மிஷினையும் சேர்த்துப் பிடுங்கி வீசியது. பறந்த வேகத்தைப் பார்த்திருந்தால் ஏவுகணைக்காரர்கள் அதற்கு வேலை கொடுத்திருப்பார்கள். விழுந்த இடத்தில் ஒரு தண்ணீர் லாரி ஏறியது. சேலத்தில் ரிப்பேர் கடை பூட்டிக் கிடக்கிறது. வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால் என் விரல் ஒன்று பட்டால் நாலு எழுத்து அமுங்குகிறது. ஆகவே, ஊரே அடங்கினாலும் அடங்காத நாமக்கல் முட்டை வண்டியில், டிரைவர் மாதையன் கையில் இதை அனுப்புகிறேன். பதிலையும் அவனிடமே கொடு.

விஷயத்துக்கு வருகிறேன். உன் அத்தை சௌந்திரத்துக்கு மார்பில் ஒரு கட்டி. சித்திரையிலேயே தெரிந்திருக்கிறது, என்னிடம் ஆனியில்தான் சொன்னாள். இங்கே டாக்டரம்மா பார்த்துவிட்டு, சேலத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே ஸ்கேன் எடுத்து, சீக்கிரம் ஆபரேஷன் செய்துவிட வேண்டும் என்றார்கள். ஆனால் கூட ஒருவரும் வரக்கூடாதாம். புருஷனும் கூடாதாம்!

அம்மிணி, எனக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்த அன்று நம் சொந்தக்கார ஒறம்பரை மொத்தமும் வேன் வைத்து வந்ததே, மறந்துவிட்டாயா? வந்த ரொட்டிப் பொட்டலத்தை அடுக்கியிருந்தால் ஏற்காட்டுக்கு இன்னொரு மலைப்பாதை போட்டிருக்கலாம். வாட்ச்மேன் கேட்டைத் திறந்து விட்டுவிட்டு அவரே வந்து என் கட்டிலில் உட்கார்ந்துகொண்டார். சொந்தபந்தம் சூழாமல் நம் ஆட்கள் யாராவது பிழைத்ததுண்டா? எங்கள் மலைமேல் இருக்கிற சாமி பெண்டாட்டியை உடம்பிலேயே பாதியாக வைத்திருக்கிறார். அவரிடம் போய் ஆறடி விலகச் சொல்வார்களா?

உன் அத்தை ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்: "இந்த எட்ட நில்லு, எட்ட நில்லெல்லாம் முடியட்டுமுங்க. அப்பறம் போறேன்."

நீ போர்க்களத்தில் நிற்பவள். இது எப்போது முடியும்? ஒரு தேதி சொல். நான் பார்த்துக்கொள்கிறேன்.

பாதாள பூபதி,
வெள்ளியங்கிரி மாமன்

---

கொண்டப்பநாயக்கன்பட்டி,
9.7.2020

அன்புள்ள மாமாவுக்கு,

மதுமதி எழுதுவது. கடிதத்தில் சானிடைசர் வாசனை வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம்கூட அத்தையிடம் போனில் பேசினேன். "ஒன்னுமில்ல சாமி, வாய்வுப் பிடிப்பு" என்றார்கள். வாய்வு! நான் நர்ஸ் என்பதை உங்கள் வீட்டில் எல்லோரும் மறந்துவிட்டீர்களா?

தேதி கேட்டிருக்கிறீர்கள். முதலில் இருபத்தொரு நாள் என்றார்கள். பிறகு வெயில் ஏறினால் போய்விடும் என்றார்கள். வெயில் வந்து போயே போய்விட்டது. தடுப்பூசி வர ஒரு வருடம் ஆகலாம், எல்லோருக்கும் போட்டு முடிக்க இன்னொரு வருடம் ஆகலாம். எங்கள் டாக்டர்களுக்கே தெரியாது. ஒன்று மட்டும் எனக்குத் தெரியும். இது முடியட்டும் என்று அந்தக் கட்டி காத்திருக்காது. இன்று சின்னதாக இருப்பதை இன்று எடுப்பது வேறு, ஆறு மாதம் கழித்து எடுப்பது வேறு.

நானே ஓடி வந்து அத்தையைக் கூட்டிப் போவேன். ஆனால் நான் இங்கே இன்னொரு ஆஸ்பத்திரியின் கொரோனா வார்டில் நிற்கிறவள். என்னைத் தொட்டால் அத்தைக்குத்தான் ஆபத்து. வேலை முடிந்தால் இந்த விடுதி அறைதான். ஜன்னலுக்கு வெளியே ஒரு காலி மனை, அதற்குப் பின்னால் மலை. கையுறை இல்லாத ஒரு கையை நான் தொட்டு எத்தனை நாளாயிற்று என்று யோசிப்பதை நிறுத்திவிட்டேன்.

தயவுசெய்து உடனே போங்கள் மாமா.

மதுமதி

---

திருச்செங்கோடு,
14.7.2020

வாளினும் கூரிய பேனா படைத்த மருமகளே,

உன் கடிதம் கிடைத்தது. வாசனையை மோந்து பார்த்துவிட்டு, ஞாயிறென்றும் பாராமல் சரக்குக் கடை திறந்துவிட்டதாகத் தெருவில் நாலு பேர் கூடிவிட்டார்கள்.

நான் சும்மா இருக்கவில்லை. கலெக்டருக்கு மனு எழுதினேன். அதில் இலக்கியச் சுவை கூடிப்போனதால் அனுப்பவில்லை. முட்டை அட்டைகளுக்கு நடுவே ஒளிந்து வார்டுக்குள் இறங்கத் திட்டம் போட்டேன். மாதையன் என் வயிற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "முட்டைக்குச் சேதாரமுங்க" என்றான். கடைசியில் ஆஸ்பத்திரி வாசலுக்கே போய்ச் சண்டை போட்டேன். எல்லோரும் வாயை மூடியிருந்தார்கள். உதட்டைப் பார்த்துப் பேச்சைப் பிடிக்கும் என் வித்தை அங்கே செல்லவில்லை. நான் கத்தினேன், அவர்கள் கையை ஆட்டினார்கள். போரில் யார் வென்றார்கள் என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து உன் அத்தையிடம் கெஞ்சினேன். அவள் உதடு எனக்கு மனப்பாடம், ஒரு எழுத்தும் தப்பாது.

"ஏனுங்க, கத்திக்கு நான் பயப்புடறனாக்கும்?"

"பின்ன எதுக்குடி?"

"மயக்க மருந்து குடுத்துப்போடுவாங்க. முழிக்கறப்பத் தெரிஞ்ச மொகம் ஒன்னுகூட இருக்காதுங்களே. போன்ல கூப்புட்டாலும் உங்களுக்குக் கேக்காது. வீடியோவுல வந்தா என்ற நெத்திதான் தெரியும்னு நீங்களே சிரிப்பீங்க. நான் இருக்கறனா போயிட்டனான்னு உங்களுக்கு எப்புடித் தெரியும்?"

ஆடி வேறு பிறக்கப்போகிறது. தீபாவளிக்குள் இந்த நோய் தொலைந்துவிடும் என்று பேசிக்கொள்கிறார்கள். அதுவரை பொறுப்பது என்று நானும் அவளும் தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறோம். அவளைத் தனியாக அனுப்ப என்னால் முடியாது. யாருக்கும் பணியமாட்டேன்.

உன் மாமன்

---

கொண்டப்பநாயக்கன்பட்டி,
17.7.2020

மாமா,

பணியமாட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். யாரிடம்? வைரஸிடமா, கட்டியிடமா? தீபாவளி வரை காத்திருந்தால் கட்டிக்குத்தான் பணிந்தீர்கள் என்று அர்த்தம்.

விழிக்கும்போது தெரிந்த முகம் வேண்டும் என்கிறார்கள் அத்தை. என் வார்டில் யாருக்கும் அது கிடைப்பதில்லை. அவர்கள் விழிக்கும்போது எதிரே இருக்கும் தெரியாத முகம் நான்தான். முகம்கூட இல்லை, கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு கண். ராசிபுரத்துப் பாட்டி ஒருத்தர் அந்தக் கண்ணைப் பார்த்துவிட்டு, "நீ யாரூட்டுப் புள்ள?" என்று கேட்டார். வெள்ளியங்கிரி வீட்டுப் பிள்ளை என்றேன். அது போதும் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

தீபாவளிதான் என்றால் எனக்கு இனிமேல் கடிதம் எழுதாதீர்கள். அதைப் படித்துச் சிரிக்க என்னால் முடியாது.

மதுமதி

---

திருச்செங்கோடு,
6.8.2020

கடிதம் எழுதத் தடை விதித்த மகாராணிக்கு,

தடையை மீறி எழுதுகிறேன். வழக்குப் போடு, வந்து நிற்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மூன்று வேளை சோற்றின்மேல் கோபித்துக்கொண்டேன். நாலாவது வேளை அதை உன் அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். என் சத்தம் எனக்கே கேட்காதபடியால் கைலாசநாதர் கோயில் வரை கேட்டிருக்கும். தெருவே வாசலில் நின்று மூக்கைச் சிந்தியது. உன் அத்தை அழவில்லை. கேட்டாள்: "அந்த ஆசுபத்திரியிலயும் ஒரு மதுமதி இருப்பாளுங்களா?"

"இருப்பாடி."

"அப்பச் சரி. ஆனா உங்களையும் நான் பாக்கோணும்."

அங்கேதான் அம்மிணி, என் மூளையில் தண்ணீர் பீறிட்டது. பெண்கள் வார்டு மூன்றாம் மாடி. ஜன்னலுக்கு எதிரே ரோட்டைத் தாண்டி ஒரு காலி மனை. அது சின்னண்ணன் என்ற மரக்கடைக்காரருடையது. ஆளைத் தேடிப் பிடித்தேன். குடிநீருக்குப் போர் போட அனுமதி உண்டு, வண்டிக்கு இ-பாஸ் உண்டு. "உங்க மனையில போர் போட்டுத் தாரனுங்க. ஆனா எப்பத் தொடங்கறதுன்னு நான்தான் சொல்லுவேன்" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. கூலியில் பாதியைக் குறைத்ததும் எல்லாம் புரிந்துவிட்டது.

ஆபரேஷன் அன்று விடியலில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். எலுமிச்சம்பழம் வைத்துத் தேங்காய் உடைத்தோம். எப்போதும் தண்ணீர்ப் பாயிண்ட் குறித்த இடத்தைப் பார்த்துத்தான் கற்பூரம் காட்டுவோம். அன்று மூன்றாம் மாடியைப் பார்த்துக் காட்டினேன். வண்டிமேல் படுத்திருந்த மாஸ்டை நிமிர்த்தினோம். அந்த இரும்புக் கோபுரத்தின் உச்சியில் உன் அத்தையின் கிளிப்பச்சைச் சேலையைக் கட்டியிருந்தேன். அது விரிந்த விரிப்பில் சேர்வராயன் மலை வெட்கப்பட்டு ஒரு அடி பின்வாங்கியது. அவ்வளவுதான். கம்ப்ரசரைத் தொடவில்லை. பெண்டாட்டி படுத்திருக்கிற ஆஸ்பத்திரி வாசலில் சத்தம் போடுகிறவன் மனிதனா?

போலீஸ் வந்தது. இன்ஸ்பெக்டர் முகக்கவசத்தோடு பேசினார்; என் ஆபரேட்டர் தமிழரசு அதை ஒரு அட்டையில் எழுதிக் காட்டினான்: "வேலையும் பாக்காம இங்க என்னய்யா பண்றே?"

"ஒறம்பரை வந்திருக்கறனுங்க சார். ஊட்டுக்காரம்மாவை மேல படுக்க வெச்சிருக்காங்க. ஆறடின்னு நீங்க சொன்னீங்க, நான் நூறடி தள்ளி நிக்கறேன். மிச்சத்த யாருக்காவது ஆகட்டும்னு கணக்குல வெச்சுக்குங்க."

அவர் சேலையைப் பார்த்தார். மாடியைப் பார்த்தார். ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

பொழுது சாய ஆரம்பித்தது. அந்த ஜன்னலில் ஒன்றும் அசையவில்லை. உன் மாமனுக்கு இடுப்பளவு தைரியம்தான் மிச்சம் இருந்தது, அதுவும் இறங்கிக்கொண்டே இருந்தது. கீழே நிற்க முடியாமல் மாஸ்டில் ஏறினேன். பாதி ஏறியபோது திரை விலகியது. கவச உடுப்பில் ஒரு நர்ஸ், பக்கத்தில் சாய்ந்த கட்டிலில் உன் அத்தை. அந்தப் பெண் யாரென்று தெரியாது. எனக்கு அது நீதான். அத்தை கையைத் தூக்கினாள். உதடு அசைந்தது. அத்தனை தூரத்திலும் நான் படித்தேன், சத்தியம்:

"கீழ எறங்குங்க, லுங்கி பறக்குது."

ஆடிப் பதினெட்டுக்கு முதல் நாள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அவள் வண்டி ரோட்டைத் தாண்டிய பிறகுதான் கம்ப்ரசரை முடுக்கச் சொன்னேன். சின்னண்ணனுக்கு நல்ல தண்ணீர். பரிசோதனை முடிவும் இன்று வந்தது. கெட்ட கட்டிதானாம். ஆனால் ஆரம்பத்திலேயே எடுத்தாயிற்று, பரவவில்லை. இன்னும் கரண்ட் வைக்க, அதுதான் கதிர் சிகிச்சைக்கு, பல தடவை போக வேண்டும். உன் அத்தை, "கூப்புட்டப்பெல்லாம் வாரேன், நீங்க பச்சைச் சீலையோட நின்னாச் சரி" என்கிறாள்.

இது எத்தனை நாளைக்கு என்று இனி உன்னிடம் கேட்கமாட்டேன். தண்ணீர் வராத பூமியில் நின்றுகொண்டு எவ்வளவு ஆழம் என்று கேட்டால் யார் சொல்வார்கள்? அடுத்த இரும்பு ராடை மாட்டி இறக்க வேண்டியதுதான்.

இப்போதாவது சிரித்தாயா?

மாமன்

---

கொண்டப்பநாயக்கன்பட்டி,
11.8.2020

அன்புள்ள மாமா,

சிரித்தேன். பக்கத்து அறைப் பெண் சுவரைத் தட்டுகிற அளவுக்குச் சிரித்தேன். லுங்கி சமாச்சாரம் உண்மைதானா என்று அத்தையிடம் போனில் கேட்டுவிட்டேன். உண்மைதானாம். இந்த வயதில் மாஸ்டில் ஏறியதற்கு நேரில் பார்க்கும்போது கவனித்துக்கொள்கிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும். எனக்குப் பாசிட்டிவ் வந்திருக்கிறது. காய்ச்சலும் இருமலும்தான், மூச்சு நன்றாக இருக்கிறது. அறையிலேயே தனியாக இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். சாப்பாட்டை வாசலில் வைத்துத் தட்டிவிட்டுப் போகிறார்கள். கதவைத் திறக்கும்போது யாரும் இருக்கமாட்டார்கள்.

அத்தையிடம் சொல்லாதீர்கள், உடம்பு தேறட்டும். நீங்கள் வரவே கூடாது. சர்க்கரை இருக்கிறவர். இது நர்ஸின் உத்தரவு. இந்தக் காகிதத்தை வெயிலில் வைத்துவிட்டுத் தொடுங்கள்.

உங்கள் வீட்டுப் பிள்ளை,
மதுமதி

---

கொண்டப்பநாயக்கன்பட்டி,
13.8.2020, விடிகாலை

எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு,

ஊர்ப் பெயரைப் பார்த்துப் பதறாதே. நர்ஸின் உத்தரவை நான் மீறவில்லை. உன் கட்டடத்தின் வாசற்படியைக்கூட மிதிக்கவில்லை. இதைக் கீழே மளிகைக் கடையில் கொடுத்திருக்கிறேன். உன் பாலோடு வாசலுக்கு வரும்.

உன் ஜன்னலுக்கு வெளியே இருக்கிற காலி மனைக்குச் சொந்தக்காரி பழனியம்மாள் என்று ஒரு அம்மாள். "போர் போட்டுத் தரட்டுங்களா?" என்றேன். நான் காது கேட்காதவன் என்று தெரிந்ததும், தள்ளி நின்று முகக்கவசத்தைக் கொஞ்சம் இறக்கி நிதானமாகக் கேட்டார்: "இது மலையடிவாரம், பூராவும் பாறையாச்சே. தண்ணி வருமா?"

"வர்ற வரைக்கும் நிக்கறனுங்க" என்றேன்.

அத்தையிடம் சொல்லக் கூடாது என்றாய். நான் சொல்லவில்லை. பீரோவிலிருந்து சேலையை எடுத்தபோது என் முகத்தைப் பார்த்தாள், அவ்வளவுதான். என் உதட்டைப் படிக்க அவளுக்கும் தெரியும் என்பதை மறந்துவிட்டேன். சேலையைத் தானே மடித்துக் கொடுத்தாள்.

பதில் எழுத வேண்டாம், சாமி. ஜன்னலைத் திறந்து துண்டை ஆட்டு.

இந்தத் தடவை பேண்ட் போட்டு வந்திருக்கிறேன்.

மாமன்